முதல் பதிலோடு மூடிவிடு

நித்திலாவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், காபி ஆறுவதற்குள், ஓர் அண்ணன் கிடைத்தான். தாடி வைத்தவன், கணினி வேலைக்காரன், சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் கன்னம் குழிகிறவன். அவன் அண்ணன் ஆவதில் இருந்த ஒரே இடைஞ்சல், அவனைத்தான் அவள் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தாள் என்பது. உறுதி வார்த்தை பேசத் தாராபுரத்திலிருந்து அப்பா அம்மாவோடு காரில் ஏறி அவன் வந்துகொண்டும் இருந்தான். ஈரோட்டில் அவள் வீட்டுக் கூடத்தில் ஜமக்காளம் விரித்தாகிவிட்டது, சமையல்கட்டில் பருப்பு குழைந்துகொண்டிருந்தது, பெரியப்பா நாச்சிமுத்து மட்டும் சும்மா இருக்கப் பிடிக்காமல் செல்போனை எடுத்து, சொந்தத்தில் யாருக்கு யார் என்ன முறை என்று சொல்லும் செயலியைத் திறந்து, "மாப்பிள்ளை பேரைப் போட்டா நம்ம புள்ளைக்கு என்ன முறைன்னு சொல்லுமல்லோ," என்று ஆசையாகத் தட்டினார். மாப்பிள்ளை என்று சொல்லிக்கொண்டே தட்டினார், அதுதான் கொடுமை. நவநீதன், நித்திலாவுக்கு அண்ணன் என்று திரையில் வந்தது. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் தட்டினார். மறுபடியும் அண்ணன். "சென்னியப்பா, இங்க வா, இதப் பாரு," என்று தம்பியைக் கூப்பிட்டார். நித்திலாவின் அப்பா குனிந்து பார்த்து, "அண்ணன்னு போட்டிருக்குதுங்க," என்றார். "அது எனக்கும் தெரியுது. அண்ணனுக்கா பொண்ணக் குடுக்கறது?" "பொட்டி பொய் சொல்லாதாக்கும்?" என்று கேட்டது பெரியம்மா சாரதாமணி, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே. "எப்புடிச் சொல்லும்? நம்ம புள்ளை எழுதுனது," என்றார் பெரியப்பா. அதில் இருந்த பெருமைதான் நித்திலாவைக் கட்டிப்போட்டது. யாரோ எதிரி கண்டுபிடித்த அண்ணனாக இருந்தால் சண்டை போடலாம். இவன் அவளே எழுதிய செயலி கண்டுபிடித்த அண்ணன். "அவங்க காங்கயம் தாண்டியிருப்பாங்க, வழியில நிறுத்தறது மரியாதையில்ல," என்று பெரியப்பாவே ஒரு தீர்ப்பும் சொன்னார். "நீ உள்ள போயி இன்னொருக்கா நல்லாக் கேட்டுப்போட்டு வா கண்ணு. மாத்திச் சொன்னா பேசலாம். மாத்திச் சொல்லலீன்னா வர்றவங்களுக்கு வயிறாரச் சோத்தைப் போட்டு, வந்த ஒறம்பரையா, சொந்தக்காரங்களாவே அனுப்பி வெச்சுருவோம்."

அறைக்குள் வந்து மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தவளுக்கு, பட்டுச்சேலையில் நிரல் எழுதுவது இதுதான் முதல் தடவை என்று ஒரு நினைப்பு வந்தது, இந்த நேரத்தில் இதெல்லாம் ஒரு நினைப்பா என்று இன்னொரு நினைப்பும் வந்தது. ஜரிகை முழங்கையில் உரசியது. மாத்திச் சொன்னா பேசலாம். மாற்றிச் சொல்ல வைப்பது எளிது, ஒரு வரியை அழித்தால் போதும், மேலே பூட்டன் பூட்டிகளில் யாராவது ஒருத்தரைத் தூக்கிவிட்டால் அண்ணன் மறைந்துபோவான். ஆனால் அப்படிச் செய்துவிட்டு அவன் முகத்தைக் காலம் முழுக்க எப்படிப் பார்ப்பது, ஒவ்வொரு தடவை சண்டை வரும்போதும் பொய்க் கணக்கில் வந்த புருஷன்தானே என்று தோன்றாதா. பொய் சொல்லத் தெரியாத கணினி மொழி என்றுதான் அவள் புரோலாக்கைத் தேர்ந்தெடுத்தாள். மற்ற மொழிகளுக்கு இதைச் செய், அதைச் செய் என்று வேலைக்காரனுக்குச் சொல்வதுபோல் சொல்ல வேண்டும். புரோலாக்குக்கு வேலையே சொல்ல வேண்டாம். இன்னாருக்கு இன்னார் அம்மா, இன்னாருக்கு இன்னார் அப்பா, அப்பாவுக்கு அண்ணன் என்றால் பெரியப்பா என்று உண்மைகளையும் விதிகளையும் எழுதிவைத்துவிட்டு, அப்புறம் கேள்வி கேட்டால் போதும், எப்படித் தேடுவது என்பது அதன் பாடு. எழுதிவைக்காத எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லிவிடும். சொந்தக்காரர்கள் அதற்கு நேர் தலைகீழ், இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் தெரியலீங்களே என்பார்கள். ஆனாலும் புரோலாக்கைச் செல்போன்காரர்களோடு நேரே பேசவிட முடியாது, அதற்கு ஊர்ப்பழக்கம் போதாது. அதனால் நடுவில் பைத்தான் என்கிற இன்னொரு கணினி மொழியை உட்காரவைத்தாள். பைத்தான் கல்யாண மண்டபத்து மேனேஜர் மாதிரி, வருகிறவர்களை வாங்க என்று கேட்டு, இரண்டு பேரையும் வாங்கிக்கொண்டு, உள்ளே போய்ப் புரோலாக்கிடம் கேள்வியாக வைத்து, வந்த பதிலைக் கொண்டுவந்து திரையில் பரிமாறும். பொங்கல் விடுமுறையில் அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பாட்டன் பூட்டன் பெயரெல்லாம் சொல்லச் சொல்ல, அவள் எழுதினாள். அப்பா அப்படி வாய் ஓயாமல் பேசி அவள் பார்த்ததே கிடையாது. ஊரில் ஒரு கல்யாணத்தில் மாமன் சீர் யார் செய்வது என்று தகராறு வந்தபோது, பெரியப்பா பந்தலின் நடுவில் நின்று செல்போனைத் தட்டி, பொட்டி சொல்லிப் போட்டது என்று தகராறை முடித்துவைத்தார். அன்றிலிருந்து அவருக்கு அந்தச் செயலி நீதிமன்றம். அன்றைக்கு அவள் எவ்வளவு பூரித்துப்போனாள். பந்தலில் நான்கு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், அதற்கு இன்றைக்குச் செயலி சம்பளம் பிடித்துக்கொள்கிறது.

அண்ணன். சொல்லிப் பார்த்தாள். நவநீதண்ணா. வாயிலேயே நிற்கவில்லை, மிளகாய் கடித்ததுபோல் வெளியே துப்பிவிட்டது நாக்கு. அவன் கல்யாணத்தில், வேறு எவளோடோ நடக்கும் அவன் கல்யாணத்தில், இணைச்சீர் செய்யத் தங்கை வேண்டுமே, கூடப்பிறந்த தங்கை அவனுக்குக் கிடையாது, முறைத் தங்கை யார் இருக்கிறாள் என்று தேடுவார்கள், பொட்டியைத் தட்டுவார்கள், பொட்டி நித்திலா என்று சொல்லும். இதே பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, கூடையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, அவன் பக்கத்தில் தங்கையாக நிற்க வேண்டும், நாவிதர் மங்கல வாழ்த்து பாட வேண்டும், போட்டோக்காரர் கொஞ்சம் சிரிங்க சிஸ்டர் என்று சொல்ல வேண்டும். கூடை கனமாக இருக்குமா. ச்சீ, கூடையின் கனமா இப்போது கவலை. இந்த மனசுக்கு எந்தக் கேள்வியையும் முடிக்கத் தெரியாது, ஒன்றைத் திறந்துவைத்துவிட்டு அதற்குள் இன்னொன்றைத் திறக்கும். அலுவலகத்துக் கேண்டீனில் அவன் முதலில் பேசிய வார்த்தை, "ஏங்க, நீங்க எங்கூருப் பக்கங்களா?" என்பது. எப்படித் தெரியும் என்றதற்கு, "சாம்பாரு ஊத்தறவரை 'போதுங்'ன்னீங்களே," என்றான். அந்த ஒரு 'போதுங்'கில் ஆரம்பித்ததை, இரண்டு வீட்டுக்கும் குலம், கூட்டம் எல்லாம் வேறு வேறுதான், பங்காளி இல்லை, தாராளமாகச் செய்யலாம் என்று ஆச்சரியமாக எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் அவன் ராத்திரி பகலாக உட்கார்ந்து தன் வீட்டு ஆட்களையெல்லாம் செயலிக்குள் எழுதி ஏற்றினான். "உங்க ஜனத்தோட எங்க ஜனத்தச் சேத்துட்டேன், இனி பிரிக்க முடியாது," என்று செய்தி அனுப்பினான், அதற்கு அவள் இதயம் ஒன்றைப் பதிலாக அனுப்பினாள். இரண்டு பேரும் சேர்ந்து தங்கள் தலையில் தாங்களே மண்ணைப் போட்டுக்கொண்டதற்கு அந்த இதயம் ரசீதாகிவிட்டது. செல்போன் நடுங்கியது. அவன்தான். "என்ன பண்ணிட்டு இருக்கே?" குரலைத் தாழ்த்திப் பேசினான், பின்சீட்டில் அம்மா. "உனக்குத் தங்கச்சியாயிட்டு இருக்கேன்," என்றாள். "செயலியிலயா?" "ஆமா." "யாரு பாத்தாங்க?" "பெரியப்பா." "அய்யய்யோ," என்றான், உடனே சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான், பின்னாலிருந்து அவன் அம்மா, "என்ன கண்ணு, பொரை ஏறிருச்சா, தண்ணியக் குடி," என்பது கேட்டது. "சிரிக்கறயா நீ?" "அழுதா மட்டும் மொறப்பொண்ணு ஆயிருவயா? பாரு, தேடிப் பாரு, நாங்க அரச்சலூர் வந்துட்டோம்," என்று வைத்துவிட்டான். அரச்சலூர். நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது, ஆனால் அவன் சிரிப்பு காதில் இருந்த வரைக்கும் அந்த அடிப்பு பயமா சந்தோஷமா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

புரோலாக்கிடம் வழியைக் காட்டு என்று கேட்டாள், காட்டியது. அவளுடைய அப்பாவின் அப்பாவுக்கு அம்மா, மயிலாத்தாள். அவனுடைய அப்பாவின் அப்பாவுக்கு அம்மா, குப்பாயாள். இரண்டு பேரும் அக்கா தங்கச்சி. அக்கா தங்கச்சி பெற்ற பிள்ளைகள் அண்ணன் தம்பி, அண்ணன் தம்பி பெற்ற பிள்ளைகளும் அண்ணன் தம்பி, அவர்கள் பெற்ற பிள்ளைகள் இவர்கள். அப்பழுக்கு இல்லை. தன் விதி இவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறதே என்று ஒரு மூலையில் மகிழ்ச்சிகூட எட்டிப் பார்த்தது, உடனே அதை அடித்து உட்காரவைத்தாள். மயிலாத்தாளையும் குப்பாயாளையும் உயிரோடு இருக்கிற யாரும் பார்த்ததில்லை. ஒருவருக்கொருவர் பேன் பார்த்திருப்பார்கள், ஒரே கண்டாங்கிக்குச் சண்டை போட்டிருப்பார்கள், வேறு வேறு திக்கில் கட்டிக்கொடுக்கப்பட்டு வண்டி ஏறும்போது கட்டிக்கொண்டு அழுதிருப்பார்கள், அந்த அழுகை இவ்வளவு தூரம் வந்து இன்றைக்கு வடை பாயாசத்தோடு முடியப்போகிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும். கூடத்தில் பெரியப்பா யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார், "அதொண்ணும் விளையாட்டுச் சமாச்சாரமில்ல, கேட்டா ஒரே பதிலு, சுருக்குன்னு சொல்லிப்போடும்." ஒரே பதில். நித்திலாவின் கண் திரையில் ஏற்கெனவே அந்த வரிமேல்தான் இருந்தது, எத்தனை நேரமாக இருந்தது என்று தெரியவில்லை, வாசலில் நிற்கிறவரைப் பார்த்துக்கொண்டே வேறு யாரையோ நினைப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். பைத்தானில் அவளே எழுதிய வரி. கேள்வியைப் போடு, ஒரு பதிலை எடு, கேள்வியை மூடு. ஒரு பதிலை எடு. புரோலாக் ஒரே பதிலோடு ஓய்கிற ஜாதியே இல்லையே. ஒரு பதிலைச் சொல்லிவிட்டு, இன்னும் வேண்டுமா என்று வாசலிலேயே நிற்கும். வேண்டும் என்றால் வந்த வழியே திரும்பிப் போய், வேறு கிளையில் ஏறி, அடுத்ததைப் பறித்துக்கொண்டு வரும். போதும் என்று சொல்கிற வரைக்கும், அல்லது மரத்தில் எதுவும் மிச்சமில்லாத வரைக்கும். இதை அவள் கல்லூரியில் படித்தாள், மற்றவர்களுக்குச் சொல்லிக்கூடக் கொடுத்தாள். ஆனால் பைத்தான் வழியாகக் கூப்பிட்டபோது, ஒரு கேள்வி திறந்திருக்கையில் இன்னொரு கேள்வியைப் போட்டால், முந்தைய கேள்வி இன்னும் மூடப்படவில்லை என்று பிழை சொல்லி எல்லாம் நின்றுபோனது. மாசாணியம்மன் நோன்பு அன்று ஊரே ஒரே சமயத்தில் தட்டியதில் செயலி படுத்துவிட்டது, பெரியப்பா மூன்று தடவை போன் செய்தார், அவசரத்தில் அவள் முதல் பதில் வந்ததுமே மூடிவிடு என்று எழுதி எழுப்பிவிட்டாள். எழுந்துவிட்டது, ஓடியது, மறந்துவிட்டாள். அன்றிலிருந்து இந்தச் செயலி யாரிடமும் இரண்டாவது பதிலைச் சொன்னதே இல்லை. யாரும் கேட்டதும் இல்லை.

எல்லாவற்றையும் கொண்டுவா என்று வரியை மாற்ற விரல் போனது, போன விரல் நின்றது. இரண்டாவது பதில் இன்னும் மோசமாக இருந்தால்? அண்ணனாவது பரவாயில்லை, சித்தப்பா என்று வந்தால் என்ன செய்வது. சித்தப்பாவோடு சினிமாவுக்குப் போயிருக்கிறாள். கேட்காமல் இருந்தால் ஒரு பதிலோடு போகும், கேட்டால் அதற்குப் பிறகு சந்தேகத்தின் பலன்கூட இருக்காது. ஆனால் அண்ணனைவிட மோசமாக என்னதான் இருக்க முடியும், ஆகாத முறையில் சின்ன ஆகாதது பெரிய ஆகாதது என்று இருக்கிறதா என்ன, ஆகாது என்றால் ஆகாதுதான். இந்தத் தர்க்கம் அவளுக்கே பிடித்துப்போனது. மாற்றினாள், ஓடவிட்டாள். ஒன்றும் வரவில்லை. மடிக்கணினியின் காற்றாடி மட்டும் சுற்றத் தொடங்கியது, முதலில் முனகலாக, பிறகு மாவு மில் மாதிரி. அடச்சே, சுற்றுகிறது. அத்தை மகளைக் கட்டினவனுக்கு மாமனாரும் மாமனே, மாமனுக்குக் கொழுந்தியாளும் அத்தையே, கொடுத்தும் எடுத்தும் இந்த ஜனம் போட்டிருக்கிற முடிச்சில் ஒரு நுனியைப் பிடித்துப் போனால் சுற்றிக்கொண்டு அதே நுனிக்கு வந்துவிடும், வந்ததும் புரோலாக் அசராமல் மறுபடியும் கிளம்பிவிடும், அதற்குக் களைப்பும் கிடையாது வெட்கமும் கிடையாது. அவர்கள் அரச்சலூரிலிருந்து கிளம்பி அவல்பூந்துறை வந்திருப்பார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா உள்ளே வந்தாள், கையில் கரண்டி, நெற்றியில் வேர்வை. பூங்கொடி என்று பெயர், வீட்டில் யாரும் கூப்பிடுவதில்லை. நித்திலாவுக்கு அம்மா, அப்பாவுக்கு ஏனாத்தா. "என்ன கண்ணு, பொட்டி பொகையுது?" "சுத்துதும்மா. எங்க நிக்கறதுன்னு தெரியாம சுத்துது." அம்மா கரண்டியை மேசைமேல் வைக்கப் போய், மேசையைப் பார்த்து, கையிலேயே வைத்துக்கொண்டாள். "உங்கப்பா வழியில மட்டும் கேட்டயா, என்ற வழியிலயும் கேட்டயா?" "எல்லா வழியும்தாம்மா அதுல இருக்குது." "இருக்குது. எங்க இருக்குது?" நித்திலா நிரலை உருட்டிப் பார்த்தாள். கீழே இருந்தது. பொங்கலன்று அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்னதெல்லாம் மேலே. அம்மா பாத்திரம் கழுவிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றபடி சொன்னதெல்லாம் கடைசியில், சேர்த்து ஒட்டியது. புரோலாக் மேலிருந்து கீழே படிக்கிற மொழி. முதல் பதில் எப்போதும் அப்பா வழியில்தான் வரும், வந்ததும் கதவு மூடிவிடும், அம்மா வழி வரைக்கும் ஒருநாளும் போயிருக்காது. "நா ஏன் கேக்கறேன்னா," என்றாள் அம்மா, "நாஞ் சின்னப்புள்ளையா இருக்கையில தாராபுரத்துல ஒரு எழவு. எங்கம்மா போயி, என்ற அக்கா போயிட்டயேன்னு உருண்டு பொரண்டு அழுதுச்சு. எனக்குத் தெரிஞ்சு எங்கம்மாளுக்கு அக்காளே கெடையாது. யாரு அதுன்னு கேக்கறதுக்குள்ள பஸ் வந்துருச்சு."

சுற்றுவதை நிறுத்தினாள். பூட்டன் பூட்டிக்கு மேலே ஏறாதே, ஒருமுறை மிதித்த ஆளை மறுபடியும் மிதிக்காதே என்று இரண்டு வேலி போட்டாள். அவசரத்தில் அடைப்புக்குறி ஒன்றை விட்டுவிட்டுத் திட்டு வாங்கினாள், போட்டாள், ஓடவிட்டாள். அண்ணன் வந்தான், வழக்கம்போல் முதல் ஆளாக, பந்தியில் முந்துகிறவர் மாதிரி. அதற்கடுத்த வரியில், மாமன் மகன். அவள் படித்தாள், நம்பாமல் வழியைப் படித்தாள். அவளுடைய அம்மாவைப் பெற்ற அம்மாயியும், அவனுடைய அப்பாவைப் பெற்ற ஆத்தாவும், இரண்டு அக்கா தங்கச்சிகள் பெற்ற பிள்ளைகள். அப்படியானால் அவர்களும் அக்கா தங்கச்சி. அப்படியானால் அவர்கள் பெற்ற பிள்ளைகளான அவள் அம்மாவும் அவன் அப்பாவும் அண்ணன் தங்கச்சி. அம்மாவுக்கு அண்ணன் மகன், அவளுக்கு மாமன் மகன், ஊர் உலகத்தில் எவனைக் கட்டினாலும் கட்டாவிட்டாலும் கட்டுகிற உரிமை உள்ளவன். மொத்த வழியும் பெண்கள் வழியாகவே வந்திருந்தது, ஒரு ஆண் பெயர்கூட நடுவில் இல்லை கடைசி ஆள் வரைக்கும், அதனால்தான் ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. "அந்த அக்கா இவனோட ஆத்தாதாம்மா!" என்று கத்தினாள். அம்மா எட்டிப் பார்த்தாள், எழுத்து சின்னதாக இருந்தது, படிக்க முடியாவிட்டாலும் முழுக்கப் படித்தவள் மாதிரி தலையாட்டினாள். "அப்ப தாராபுரத்துக்காரரு எனக்கு அண்ணனா? அதான பாத்தேன், அன்னிக்கு வந்தப்ப எனக்கு அந்தாளோட பேச்சே புடிச்சுது." பட்டியலில் இன்னும் கீழே, வேறொரு சுற்றுவழியில், அவன் அவளுக்குப் பேரனாகவும் வந்தான். பேரன்! முப்பது வயதில் தாடி வைத்த பேரன். நித்திலாவுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கரண்டியிலிருந்து பருப்பு சேலையில் சொட்டியது, இரண்டு பேருமே துடைக்கவில்லை.

மடிக்கணினியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இடுப்பில் ஏந்திக்கொண்டு கூடத்துக்குப் போய்ப் பெரியப்பா முன்னால் வைத்தாள். அவர் வரிசையாகப் படித்தார், விரலால் தொட்டுத் தொட்டு. "அண்ணன்னும் சொல்லுது, மாமன் மகன்னும் சொல்லுது, பேரன்னும் சொல்லுது. இதென்ன, வாய்க்கு வந்ததச் சொல்லுது? நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு?" "நேத்து வரைக்கும் ஒண்ணோட நிறுத்திட்டு இருந்துதுங்க பெரியப்பா. கேட்டா எல்லாத்தையும் சொல்லும்." பெரியப்பா யோசித்தார். அவர் யோசிக்கும்போது கூடமே யோசிக்கும், அப்பா ஜமக்காளத்தின் சுருக்கத்தைக் காலால் நீவிவிட்டுக்கொண்டிருந்தார். "அதெல்லாஞ் சரிதான் கண்ணு. ஆனா மொதல்ல வந்தது எதோ அதுதான் முறை. நாலு சொன்னா நாலையும் வெச்சுக்க முடியுமா? மொத பதிலுதான் செல்லும்." இவ்வளவு தூரம் வந்து, வேலி போட்டு, செத்துப்போன அக்காளையெல்லாம் கண்டுபிடித்து, கடைசியில் வரிசை எண்ணிலா தோற்பது, அந்த வரிசைக்கு அர்த்தமே கிடையாது, அப்பா முன்னால் உட்கார்ந்தார் அம்மா பாத்திரம் கழுவினாள் என்பதைத் தவிர. இதை எப்படிச் சொல்வது, புரோலாக்கின் தேடல் முறையைப் பெரியப்பாவுக்கு எந்த உவமையில் சொல்வது, ஆழமாக முதலில் அகலமாக அப்புறம், இல்லை, அது வேண்டாம். சொல்வதற்குப் பதிலாக அவளுக்குள் ஒரு குறும்பு எழுந்து உட்கார்ந்தது. நாச்சிமுத்து என்று தட்டினாள். சாரதாமணி என்று தட்டினாள். எல்லாவற்றையும் கொண்டுவா. முதல் வரியில் மனைவி என்று வந்தது, பெரியப்பா திருப்தியோடு தலையசைத்தார். அடுத்த வரியில் அக்கா என்று வந்தது. பெரியம்மா வெற்றிலையைக் கன்னத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "யாருக்கு யாரு அக்கா?" "பெரியப்பாவுக்குங்க. நீங்க." "அக்காளா?" பெரியம்மாவின் உடம்பு முதலில் குலுங்கியது, சத்தம் பின்னால் வந்தது. "தங்கச்சின்னு சொல்லியிருந்தாலும் போவுது. நா இவரவிட ரெண்டு மாசம் மூப்புங்கறதையுமல்லோ போட்டுக் குடுத்துருச்சு! எங்கய்யன் அதை மறச்சுத்தான் என்னையக் கட்டிக்குடுத்தாரு." அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவர் தோள்பட்டை ஆடியது. பெரியப்பா மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. "சிரிக்காதீங்க. மொதல்ல என்ன வந்துச்சு? மனைவின்னு வந்துச்சா இல்லையா? நாந்தான் சொன்னனே, மொத பதிலுதான் செல்லும்னு. நாங்க ரெண்டு பேரும் சரியாத்தான் இருக்கறோம்." "ஏனுங் மாமா," என்றாள் அம்மா பெரியப்பாவிடம், சமையல்கட்டு நிலைப்படியில் நின்றுகொண்டு, கரண்டியோடு. அவள் இந்த மாதிரிக் கூட்டத்தில் பேசியது யாருக்கும் ஞாபகமில்லை. "மனைவின்னு எப்புடிங்க மொதல்ல வந்துச்சு?" "கல்யாணம் ஆனதுனால வந்துச்சு." "அப்ப இதுங்களுக்கும் பண்ணி வெச்சுட்டா, அதுதானுங்க மொதல்ல வரும்?"

நித்திலா அம்மாவைப் பார்த்தாள். திருமணம் என்ற உண்மைகளை நிரலின் உச்சியில் வைத்தது அவளேதான், ஏனென்றால் கட்டியவனை யாரும் மாமன் மகன் என்று சொல்வதில்லை. அதன் பொருள் இதுவரைக்கும் அவளுக்கே விளங்கியிருக்கவில்லை. பெரியப்பா சொன்ன விதியிலேயே பெரியப்பா மாட்டிக்கொண்டிருந்தார். அவர் மடிக்கணினியைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார், நிலைப்படியில் நின்ற தம்பி மனைவியைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார், சட்டசபையில் எதிர்க்கட்சி இருப்பதையே இன்றைக்குத்தான் கவனித்தவர் மாதிரி. வாசலில் கார் வந்து நின்றது, கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம் கேட்டது. இப்போது யாரும் எதுவும் சொல்ல முடியாது, வந்தவர்களை வாங்க என்று கேட்பது குடும்பத்தில் மூத்தவரின் வேலை, அவர் எந்த முறையைச் சொல்லிக் கூப்பிடுகிறாரோ அதற்கு மேல் அப்பீல் கிடையாது. தம்பி என்று கூப்பிட்டால் நவநீதன் பங்காளியாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். நித்திலா மடிக்கணினியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள், அதன் சூடு தொடையில் ஏறிக்கொண்டிருந்தது, காது மட்டும் வாசலுக்குப் போய்விட்டது, செருப்பு கழற்றும் சத்தம், சேலை சரசரப்பு, அவன் இருமல், வழியில் சாலையெல்லாம் தோண்டிப் போட்டிருப்பதைப் பற்றி அவன் அப்பாவின் முணுமுணுப்பு, அப்புறம் ஒன்றுமில்லை, மூச்சு விடாத ஒரு ஒன்றுமில்லை, இன்னும் ஒன்றுமில்லை. "வாங்க மச்சான்," என்றது பெரியப்பாவின் குரல், தெருவுக்கே கேட்கும்படி. "வாங்க மாப்ளே! வெயில்ல நிக்காம உள்ள வாங்க." ஜமக்காளத்தில் அப்பா உட்கார்ந்தே விட்டார். நித்திலாவின் கண்ணில் திரை எழுத்தெல்லாம் கலங்கி ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டது, மனைவியும் அக்காவும் அண்ணனும் பேரனும், யார் யாரோ யார் யாருக்கோ. நிலைவாசலில் தலையைக் குனிந்து உள்ளே வந்த தாடிக்காரன் முதலில் அவளைத்தான் தேடினான், கண்டதும் ஒரு பக்கக் கன்னம் குழிந்தது. அவனுக்குப் பின்னால் சம்பந்தியின் கையைப் பிடித்துக் கூட்டிவந்த பெரியப்பா, எல்லோரும் உட்காரும்வரை பொறுத்திருந்து, கூடத்தின் அந்தக் கோடியில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியம்மாவைப் பார்த்து, முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல், மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "ஏனுங்கக்கா, ஒறம்பரைக்குத் தண்ணி கொண்டாங்க."